இளவேனிற் கொல்லை: காணும் இன்பமும் காக்கும் முறையும்

ஆண்டினை ஆறு பருவங்களாக வகுத்த தமிழ் முன்னோர், சித்திரை, வைகாசி ஆகிய இரு திங்களையும் இளவேனில் என்றும், அவற்றை அடுத்து வரும் ஆனி, ஆடித் திங்களை முதுவேனில் என்றும் வழங்கினர். குளிர்நாடுகளில் பனி உருகிப் புல் முளைப்பது கொண்டு வேனிலின் வருகை அறியப்படும். தமிழ்நாட்டுச் சமவெளிக் கிராமங்களிலோ, வயல்கள் அறுவடையாகித் தரிசாய்க் கிடக்க, ஏரி நீர் வற்றி அடிமண் வெடித்துத் தோன்ற, வெயில் நாளுக்கு நாள் ஏறிவரும் காலமே இளவேனில். ஊரைச் சூழ்ந்த நிலமெல்லாம் வெளுத்துக் காணும் இந்நாட்களில், பசுமையும் மலரும் கனியும் ஒருங்கே விளங்கும் இடம் ஒன்று உண்டு. அதுவே வீட்டின் பின்புறத்துக் கொல்லையாகும்.

சிறு குடியானவர் வீடுகளிற் பலவற்றுக்கு 5 சென்டோ 10 சென்டோ கொல்லை இருப்பதுண்டு. அதில் வேம்பு ஒன்று, மா இரண்டொன்று, முருங்கை ஒன்று, வேலியோரம் பூவரசும் புங்கும், கிணற்றடியில் வாழை, முற்றத்தருகே ஒரு மல்லிகைச் செடி என்பன இருத்தல் இயல்பு. ஆயினும் அநேக வீடுகளில் இக்கொல்லை சாம்பலும் குப்பையும் கொட்டுமிடமாகவே இருக்கின்றது. மாமரத்தின் காய்ப்போ, அது பூத்த மாதத்திலேயே கைமாறிவிடுகின்றது. பின்னர் அம்மரத்தை நிமிர்ந்து பார்ப்பவரும் வீட்டில் இலர்.

“கேளாக் கடனும் பாராப் பயிரும் பாழ்” என்பது குடியானவர் யாவரும் அறிந்த பழமொழி. கூட்டுறவுச் சங்க அங்கத்தினருக்கு இதன் முற்பாதி நன்கு விளங்கியதே. பிற்பாதி கொல்லைக்கும் பொருந்தும். தினந்தோறும் காலையில் ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், கொல்லையைச் சுற்றிவந்து அதில் நிகழும் மாறுதல்களைக் கண்டு மகிழ்வது வீண்பொழுது அன்று. அம்மகிழ்ச்சியே மரத்தைக் காக்கும் காவலாகவும், அடுத்த ஆண்டு மகசூலுக்கு அடிப்படையாகவும் ஆகின்றது. இஃது எவ்வாறென்பதை ஈண்டு வரிசையாக விளக்குவோர், மாசித் திங்களின் இலையுதிர்விலிருந்து தொடங்குதல் வேண்டும்.

இலையுதிர்வும் தளிரும்

வேனிலின் முதற்குறி கொல்லையில் தரைமேல் காணப்படும். மாசி, பங்குனித் திங்களில் வேம்பும் புங்கும் தம் முதிர்ந்த இலைகளைச் சொரிகின்றன. காலையில் பெருக்கிய இடம் மாலையில் மீண்டும் மஞ்சள் இலைகளால் மூடப்படுகின்றது. இதனைக் கண்டு மரம் பட்டுப்போகின்றதோ என்று ஐயுறுவோரும் உண்டு. மேல்மண் காய்ந்துவரும் காலத்தில், முதிர்ந்த இலைகள் வழியாக வீணே ஆவியாகும் நீரை மரம் மிச்சப்படுத்துகின்றது. தண்டிலும் வேரிலும் சேமித்த உணவையும், ஆழத்து வேர்கள் உறிஞ்சும் நீரையும் கொண்டு, மழை வருமுன்னரே புதுத் தளிரை விடுகின்றது.

இத்தளிர் விடும் வாரம் தவறவிடத் தகாதது. வேம்பின் கொழுந்து முதலில் செம்பு நிறமாகத் தோன்றி, பின்னர் மென்பச்சையாகி, அதன்பின் கரும்பச்சை அடைகின்றது. புங்கின் தளிர் வெயிலில் எண்ணெய் பூசினாற்போல் மின்னும். மாவின் இளந்தளிரும் சிவந்தே பிறந்து, வாடியது போலத் தொங்கிநின்று, நாட்பட நிமிர்ந்து பசுமை பெறும். இளந்தளிரின் செந்நிறம் மெல்லிய இலையைக் கடும்வெயிலினின்று காக்கும் ஒரு போர்வை என்று தாவர நூலார் கருதுவர். ஏறுவெயிலில் இலை விரித்து நிழல் தரும் இம்மரங்களைக் கிணற்றடியிலும் மாட்டுக்கொட்டிலருகிலும் நட்டுவைத்த பெரியோரின் அறிவு இதனால் புலனாகும்.

உதிர்ந்த இலைகளை என் செய்வது என்பது அடுத்த கேள்வி. குவித்துத் தீயிடுவது எளிய வழக்கம். ஆயின் அத்தீயில் எரிவது அங்கத்தினரின் எருவேயாகும். இந்தூரில் ஆய்வு நடத்திய ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் விவசாய அறிஞர், இலைதழைகளையும் சாணத்தையும் கலந்து மக்கவைக்கும் முறையை 1924 முதல் 1931 வரை செய்துபார்த்து, 1931-ல் நூலாக வெளியிட்டார். அதன் சாரம் எவருக்கும் எளியது. சுமார் 1 மீட்டர் ஆழமும் 2 மீட்டர் அகலமும் உள்ள குழியில் இலைச்சருகை ஒரு சாண் உயரம் பரப்பி, அதன்மேல் சாணக்கரைசல் தெளித்து, சிறிது மண்ணும் சாம்பலும் தூவி, மீண்டும் சருகு பரப்பி நிரப்புதல் வேண்டும். பிழிந்த துணியின் ஈரம் அதில் எப்போதும் இருத்தல் அவசியம். இடையிடையே மூன்று முறை கிளறிவிட்டால், மூன்று நான்கு திங்களில் கறுத்த மணமான எரு கிடைக்கும். பங்குனியில் இட்ட குழி ஆடிப்பட்டத்து விதைப்புக்குத் தவறாமல் உதவும்.

மலர்களும் அவற்றின் வேளையும்

தளிரைத் தொடர்ந்து மலர்கள் வருகின்றன. பங்குனிக் கடைசியிலும் சித்திரையிலும் வேம்பின் சிறு வெண்பூக்கள் கொத்துக் கொத்தாக மலர்ந்து, மாலை வேளைகளில் தேன்மணம் வீசுகின்றன. விடியற்காலையில் மரத்தடியில் ஒரு பழந்துணியை விரித்துவைத்தால், உதிரும் பூ மண்படாமல் சேரும். நிழலில் உலர்த்திப் பானையில் கட்டிவைத்த வேப்பம்பூ ஆண்டு முழுவதும் ரசத்துக்கும் துவையலுக்கும் உதவும். சித்திரை முதல் நாளில் வேப்பம்பூப் பச்சடி உண்ணும் வழக்கம் இப்பருவத்தை ஒட்டியே எழுந்ததாகும்.

புங்கு, செம்மை கலந்த வெண்ணிறப் பூக்களைச் சொரிந்து நிழலையே பாயாக விரிக்கின்றது. சரக்கொன்றை இலைகளை இழந்து, பொன்மாலைகளைத் தொங்கவிட்டாற்போல் நிற்கின்றது. ஊர்ப்புறத்து இலுப்பையோ இரவில் மலர்ந்து, தன் இனிய சதைப்பூவை விடியுமுன் உதிர்த்துவிடுகின்றது. அதனைக் காண விரும்புவோர் சூரியோதயத்துக்கு முன் செல்லுதல் வேண்டும்.

ஒரே நாளில் நிகழும் மாறுதல்களும் உள. பூவரசின் பூ காலையில் இளமஞ்சளாக மலர்ந்து, பொழுது சாயச் சாயச் செம்மை ஏறி, உதிரும் தறுவாயில் செந்நீல வண்ணம் பெறுகின்றது. அந்திமந்தாரை பிற்பகல் 4 மணி அளவில் இதழ் விரிக்கின்றது. பூசணியின் பெரும் மஞ்சட்பூ விடியலில் மலர்ந்து, வெயில் ஏறியதும் வாடிச் சுருண்டுவிடுகின்றது. பூசணிக்கொடியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. இதழின் அடியில் சிறு பிஞ்சு உருண்டிருப்பது பெண்பூ. வெறுங்காம்புடன் நிற்பது ஆண்பூ. தேனீக்கள் குறைவான இடத்தில், ஆண்பூவைக் கிள்ளி அதன் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவே தடவினால் பிஞ்சு நிலைக்கும். ஆயின் இதனைக் காலை 8 மணிக்குள் செய்தல் நன்று. பூவின் வேளையை அறியாதவர் “கொடி பூக்கின்றது, காய்க்கவில்லை” என்று நொந்துகொள்வர். வேளை அறிந்தவர் காய் பறிப்பர்.

மல்லிகையின் செய்தியும் அத்தகையதே. குண்டுமல்லி கார்த்திகை நடுவில் கவாத்துச் செய்யப்பெற்றால், பங்குனி முதல் புதுக்கிளைகளில் அரும்பு கட்டி, சித்திரை, வைகாசியில் மிகுதியாகப் பூக்கும். அரும்பை விடியுமுன் பறித்தால் மாலையில் விரிந்து முழுமணம் தரும். வெயில் ஏறியபின் பறித்தது பாதி மணத்தை இழந்துவிடும். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் மணம் ஒரு ஊருக்கு மட்டும் உரியதன்று. கவாத்தும் பறிக்கும் நேரமும் தவறாத எந்த முற்றத்திலும் அது உண்டு.

மாமரத்தின் கணக்கு

கொல்லையில் யாவரும் எதிர்பார்த்து நிற்பது மாமரத்தையே. அது மார்கழிக் கடைசி முதல் மாசி வரை பூத்து, மாசி, பங்குனியில் வடுப் பிடித்து, சித்திரையில் காய் பருத்து, வைகாசியில் கனிகின்றது. ஒரு பூங்கொத்தில் நூற்றுக்கணக்கான பூக்கள் உள. அவற்றுட் பெரும்பாலன ஆண்பூக்கள். எஞ்சியவற்றிலும் கருவுற்றுப் பிஞ்சாவது சில. பிஞ்சில் நின்று முதிர்வது ஒன்றோ இரண்டோ. நூறு பூவுக்கு ஒரு கனி கூடத் தேறுவதில்லை. ஆகவே மரத்தடியில் வடு உதிர்ந்து கிடப்பதைக் கண்டு கண்ணேறு பட்டதென்று மனம் தளர வேண்டுவதில்லை. மரம் தன்னால் தாங்கக் கூடிய அளவுக்குத் தானே குறைத்துக்கொள்கின்றது. உதிர்ந்த வடுவை உப்பிலிட்டால் அதுவும் ஆண்டு முழுவதற்கும் ஊறுகாயாகும்.

ஆயினும் இயல்பான உதிர்வு வேறு, நோயால் வரும் உதிர்வு வேறு. இரண்டையும் பகுத்தறியும் கண்ணை நாள்தோறும் பார்ப்பவரே பெறுவர். பூங்கொத்தின் மேல் சிறு பூச்சிகள் தத்திப் பறந்து, இலைகளில் பிசினைப் போல் ஒட்டும் நீர் படிந்து, பின்னர் கரும்பூஞ்சை படருமாயின், அது தத்துப்பூச்சியின் வேலை. இளவேனிலில் அக்கருமையைக் கண்டவர், அறுவடைக்குப் பின் நெருங்கிய உட்கிளைகளைக் கழித்துக் காற்றும் வெளிச்சமும் புகச் செய்தால், அடுத்த பூப்பில் அப்பூச்சி பெருகாது. பூ விரிந்து நிற்கும் நாட்களில் கடும் பூச்சிமருந்து தெளித்தல் தகாது. ஈக்களும் தேனீக்களும் வந்தே மாம்பூவைக் கருவுறச் செய்கின்றன. அவை இறந்துபட்டால் பிஞ்சும் இல்லையாகும்.

வடு கோலிக்குண்டு அளவு வந்தபின், நீர் வசதியுள்ளவர் 10 முதல் 15 நாட்களுக்கு ஒருமுறை மரத்துக்கு நீர் விட்டால் உதிர்வு குறையும். வைகாசியில் காய் முதிருங்கால் பழ ஈ தோலின் கீழ் முட்டையிடும். புழுவுண்ட பழம் கீழே விழுந்ததும் புழு மண்ணுட் புகுந்து கூட்டுப்புழுவாகி, மீண்டும் ஈயாக வெளிவரும். ஆகையால் கீழே விழுந்த அழுகற் பழங்களை அன்றன்றே பொறுக்கி, 2 அடி ஆழத்தில் புதைத்தல் வேண்டும். இவ்வேலைக்குச் செலவு ஒன்றுமில்லை. காலைச் சுற்றுலாவில் கையில் ஒரு கூடை இருந்தால் போதும்.

காய் முதிர்ந்ததை அறியவும் கண்ணே கருவி. காம்பின் இருபுறமும் தோள் உயர்ந்து நிரம்புதல், தோலின் கரும்பச்சை வெளிறுதல், மரத்திலேயே ஓரிரு பழம் கனிந்து விழுதல், முதிர்ந்த காய் நீரில் இட்டால் அமிழ்தல் ஆகியன அடையாளங்கள். வலைப்பை கட்டிய துறட்டியால் காம்போடு பறித்து, பால் வடியும்வரை தலைகீழாகக் கிடத்தி, வைக்கோலில் அடுக்கினால் கனி கறையின்றிப் பழுக்கும். கார்பைடு கல்லிட்டுப் பழுக்கவைத்தலைச் சட்டம் தடுத்துள்ளது. அவ்வாறு பழுத்த கனிக்கு நிறம் உண்டு, சுவை இல்லை.

பூவில் விற்பதும் கனியில் விற்பதும்

இவ்வளவு மாறுதல்களையும் கண்டு களிக்க வேண்டிய குடும்பம், மரம் பூத்தவுடனே காய்ப்பை வியாபாரிக்கு விற்றுவிடுவதன் காரணம் யாது? தை, மாசியில் ஏற்படும் கைமுடையே காரணம். பிள்ளையின் படிப்புச் செலவோ, மாட்டுக்குத் தீவனமோ, உறவினர் கலியாணத்துக்கு மொய்யோ வந்து நிற்கையில், பூத்த மரமே கண்ணுக்குத் தெரியும் பணமாகின்றது. வியாபாரியும் அந்நாளையே எதிர்பார்த்து வருகின்றார்.

உதாரணமாக ஒரு கணக்கைப் பார்க்கலாம். ஓர் அங்கத்தினருக்கு 4 மாமரங்கள் உள்ளன என்றும், தைத் திங்களில் அவருக்கு ரூ. 3,000 அவசரமாகத் தேவை என்றும் கொள்வோம். வியாபாரி 4 மரத்துப் பூவுக்கும் சேர்த்து ரூ. 5,000 தருகின்றார். அங்கத்தினர் அவ்வாறு விற்காமல், தம் தேவைக்கு மட்டும் சங்கத்தில் ரூ. 3,000 கடன் பெறுகின்றார். ஆண்டுக்கு 100-க்கு 12 வட்டி என்று வைத்தாலும், 4 மாதத்துக்கு வட்டி ரூ. 120 ஆகும். வைகாசியில் மரத்துக்கு 100 கிலோ வீதம் 400 கிலோ காய் இறங்கி, கிலோ ரூ. 25 வீதம் விற்றால் ரூ. 10,000 வரவு. பறிகூலிக்கும் வண்டிக்கும் ரூ. 1,500 கழித்தால் ரூ. 8,500 நிற்கும். வட்டியும் நீங்க அவர் கைக்கு மொத்தத்தில் வந்தது ரூ. 8,380. பூவில் விற்றிருந்தால் வந்திருப்பது ரூ. 5,000. வேறுபாடு ரூ. 3,380.

காய்ப்புப் பொய்த்தால் என் செய்வது என்று கேட்பது நியாயமே. சூறைக்காற்றும் பூச்சியும் சேர்ந்து மகசூலைப் பாதியாக்கிவிட்டால், 200 கிலோவுக்கு ரூ. 5,000 வரவும் ரூ. 750 செலவும் போக ரூ. 4,250 நிற்கும். வட்டி நீங்க ரூ. 4,130. பூவில் விற்றதைக் காட்டிலும் அவ்வாண்டில் ரூ. 870 குறைவு. எனினும் கடனும் வட்டியும் அடைந்துவிடும். மரமும் தம்முடையதாகவே நிற்கும். ஒரு நல்ல ஆண்டின் மிகுதி, இத்தகைய மூன்று மோசமான ஆண்டுகளின் குறைவை ஈடுசெய்யும். இக்கணக்கில் ஊருக்கு ஊர் விலையும் கூலியும் மாறும். ஒவ்வோர் அங்கத்தினரும் தம் ஊர் விலையை இட்டுத் தாமே கணக்கிட்டுப் பார்த்தல் நலம். எதிர்பார்க்கும் வரவில் அரைப்பங்குக்கு மேல் கடன் பெறலாகாது என்பது மட்டும் எவ்வூருக்கும் பொருந்தும் விதி.

பணக்கணக்கில் அடங்காத நஷ்டம் ஒன்றும் உண்டு. காய்ப்பை வாங்கியவருக்கு அவ்வாண்டின் காயே கருத்து. அடுத்த ஆண்டின் கிளை அன்று. முதிராத காயை அடித்து இறக்குவதும், கிளையை முறிப்பதும் அதனால் நேர்கின்றன. வீட்டுக்குழந்தை தன் கொல்லையில் விழுந்த பழத்தை எடுக்கக் கையை நீட்டி, பெற்றோர் முகத்தைப் பார்த்துப் பின்வாங்குவதும் அந்நாட்களில் காணக்கூடியதே. தன் மரத்தின் கீழே தானே அந்நியனாய் நிற்கும் நிலை ஒரு குடும்பத்துக்கு வரலாகாது.

பறவையும் தேனீயும்

இளவேனிற் கொல்லையில் ஒலியும் மாறுகின்றது. பங்குனி முதல் குயிலின் குரல் ஓங்குகின்றது. கூவுவது கரிய ஆண்குயில். பெண்குயில் பழுப்பு நிறமும் வெண்புள்ளியும் உடையது, மறைவாகத் திரிவது. காகம் கூடு கட்டும் காலமும் இதுவே. காகத்தின் கூட்டில் குயில் முட்டையிட, காகமே குஞ்சை வளர்க்கின்றது. ஆண்குயில் கூவிக் காகங்களைத் துரத்தச் செய்வதும், அவ்விடைவேளையில் பெண்குயில் கூட்டை நெருங்குவதும் பொறுமையுடன் நிற்பவர் காணத்தக்க காட்சி.

தையற்சிட்டு அகன்ற இலைகளை நாரினால் தைத்துக் கூடு அமைக்கின்றது. தேன்சிட்டு சிலந்திநூலும் சருகும் சேர்த்து, திண்ணை ஓரத்துக் கொடியிலும் பைபோல் கூடு தொங்கவிடுகின்றது. இப்பறவைகள் தம் குஞ்சுகளுக்கு ஊட்டுவன பெரும்பாலும் புழுக்களும் பூச்சிகளுமே. ஒரு கூட்டைக் கலைக்காமல் விடுவது, கூலியின்றி உழைக்கும் காவலாள் ஒருவரை அமர்த்துவதற்கு ஒப்பாகும். நிழலில் ஒரு மண்சட்டியில் நீர் வைத்தால் அவை கொல்லையை விட்டு அகலா.

வேம்பு, புங்கு, முருங்கை, புளி, தென்னை ஆகியன பூக்கும் இக்காலமே தேனீக்களுக்கும் அறுவடைக் காலம். பொந்துத் தேனீயை மரப்பெட்டியில் வளர்க்கும் முறை தென்னிந்தியாவில் பரவியதற்கு நியூட்டன் பாதிரியார் முக்கிய காரணம் ஆவார். அவர் 1911 முதல் 1917 வரை கிராமத்தார் பலருக்குப் பயிற்சி அளித்தார். அவர் அமைத்த பெட்டி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. 1920-களில் மார்த்தாண்டத்தில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தார் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவரின் தலைமையில் நடத்திய கிராம புனர்நிர்மாணப் பணியில் தேனீ வளர்ப்பும் இடம்பெற்றது. கொல்லை மூலையில் நிழலில் வைத்த ஒரு பெட்டி தேனைத் தருவதோடு, பூசணிக்கும் முருங்கைக்கும் காயையும் பெருக்குகின்றது.

கத்திரி வெயிலும் கோடை மழையும்

ஏறக்குறைய மே 4 முதல் 28 வரை கத்திரி வெயில் நிலவுகின்றது. இந்நாட்களில் நட்ட இளங்கன்றுகளைக் காப்பதே தலையாய கடமை. நண்பகலில் ஊற்றும் நீரில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். சூரியோதயத்துக்கு முன்னும் அந்திக்குப் பின்னும் ஊற்றுவதே சிக்கனம். கன்றின் வேரருகே ஒரு மண்பானையைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி மூடிவைத்தால், சிறுகச் சிறுகக் கசிந்து வேருக்கு ஈரம் தரும். அடிமரத்தைச் சுற்றிச் சருகு பரப்பினால் மண் காயாது. குளிக்குமிட நீரை வாழைக்குத் திருப்பினால், தேங்கிக் கொசு வளர்க்கும் நீரே தாராய் மாறும்.

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவமழையால் கிடைப்பது. கோடை மழை அதனினும் மிகச் சிறியதே. ஆயினும் ஒரு மாலை மேகம் திரண்டு, புழுதிக்காற்று எழுந்து, இடியுடன் பெய்யும் அம்மழையைப் போல் கொல்லையை ஒரே இரவில் மாற்றுவது வேறொன்றுமில்லை. மண்மணம் எழுகின்றது. ஈசல் புறப்படுகின்றது. புழுதி படிந்த இலைகள் கழுவப்பெற்றுப் புதிதாய் நிற்கின்றன. மழைக்கு முன்னரே மரங்களைச் சுற்றி வட்டப்பாத்தி அமைத்தவர் அந்நீரை வேருக்கு அளிக்கின்றார். அமைக்காதவர் அதனைத் தெருவுக்கு விடுகின்றார். ஈரம் காயுமுன் மண்ணைக் கொத்திவிட்டால், உள்ளே உறங்கும் கூட்டுப்புழுக்கள் வெயிலுக்கும் பறவைக்கும் இரையாகும்.

வைகாசி கழிந்து ஆனி பிறக்கையில் வேம்பு பழுக்கத் தொடங்கும். உதிர்ந்த பழத்தின் சதையைக் கழுவி, கொட்டையை நிழலில் உலர்த்தி வைத்தல் வேண்டும். அதன் பருப்பு 5 கிலோவை இடித்து, 10 லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கி, 200 கிராம் சோப்புக் கரைத்துத் தெளித்தால் பயிர்ப்பூச்சிகள் பல அடங்கும். சித்திரையில் பூவாகக் கண்ட மரம், புரட்டாசியில் பயிருக்கு மருந்தாக உதவுகின்றது.

சங்கம் செய்யக்கூடியவை

ஒரு குடும்பம் தன் கொல்லையைப் பார்ப்பது போல, ஊர்க் கொல்லைகள் அனைத்தையும் சேர்த்துப் பார்ப்பது சங்கத்துக்கு இயலும். முதலாவது, தை மாதத்தில் மாமரம் உடைய அங்கத்தினரின் பட்டியலைத் தயாரித்து, தேவையுள்ளவருக்கு வைகாசியில் அடைக்கத்தக்க சிறு கடனைக் காலத்தில் வழங்குதல். காலங்கடந்த கடன் வியாபாரியின் கைக்கே அவரை அனுப்பும். இரண்டாவது, பலருடைய காயையும் ஓரிடத்தில் சேர்த்து, தரம் பிரித்து, சரியான தராசில் நிறுத்து, ஒரே வண்டியில் அனுப்புதல். 1999-ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகள் போன்ற இடங்களில் விளைவித்தவரே நேரில் விற்கவும் வழியுண்டு. மூன்றாவது, வேப்பங்கொட்டை சேகரிக்கும் பெண்களிடமிருந்து அதனை நியாய விலைக்குப் பெற்று, அங்கத்தினர் பயிருக்கே அளித்தல். நான்காவது, கிணற்றுள்ள ஒருவர் கொல்லையில் மா ஒட்டும், முருங்கைப் போத்தும், புங்கங்கன்றும் வளர்த்து, மழைக்காலத்தில் வீடுதோறும் வழங்குதல்.

இவை புதிய எண்ணங்கள் அல்ல. பிரடெரிக் நிக்கல்சன் 1895-லும் 1897-லும் அளித்த அறிக்கையின் நோக்கமே, சிறு குடியானவர் தம் விளைவை விளையுமுன் இழவாதிருக்கச் செய்வது. 1904-ல் சட்டம் பிறந்ததும், அவ்வாண்டிலேயே செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திரூரில் முதற் சங்கம் பதிவாயிற்று. அந்நோக்கம் வயலோடு நின்றுவிடாமல் கொல்லை வரையிலும் எட்டுதல் வேண்டும்.

இறுதியாக, செலவற்ற ஒரு யோசனை. வீட்டில் எழுதத் தெரிந்த சிறுவனிடமோ சிறுமியிடமோ ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, வேம்பு தளிர்த்த நாள், குயில் முதலில் கூவிய நாள், வடு விழுந்த நாள், முதல் கோடை மழை, முதல் கனி பறித்த நாள், விற்ற எடை, பெற்ற விலை ஆகியவற்றை எழுதிவரச் சொல்லலாம். மூன்று ஆண்டுகள் எழுதிய பின், மரம் எந்த வாரத்தில் பூக்கும், எவ்வளவு தரும், எந்நாளில் விலை ஏறும் என்பதை அவ்வீட்டாருக்கு வெளியார் ஒருவர் சொல்ல வேண்டியிராது. பூத்த மரத்தைக் காட்டி விலை பேச வருபவரிடம் அவர்கள் குறிப்பேட்டைப் பார்த்தே விடை கூறுவர். அக்குறிப்பேட்டின் முதல் வரியை எழுத, வரும் பங்குனியில் வேம்பு தளிர்க்கும் நாளே நல்ல நாள்.